ஒலசரேத்தா: இரண்டு பேர் அல்ல, இருபத்து மூன்று பேர்

பெரக்கரை நாடு, கொல்லிமலை.

2025 செப்டம்பர் 6, சனிக்கிழமை, காலை 6 மணி 10 நிமிடம். இந்த நிமிடம் வரை கொல்லிமலையில் ‘ஒலசரேத்தா’ என்ற குடும்பப் பெயரைச் சான்றிதழில் வைத்திருப்பவர்கள் 23 பேர். நீங்கள் அச்சடித்திருப்பது 2.

‘ஏழுநாள் ஏடு’ வார இதழின் ஆசிரியர் அவர்கள் சமூகத்திற்கு யுவராஜ் ஒலசரேத்தா எழுதிக்கொண்டது. நாங்கள் இங்கே நலம். அங்கே தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். இந்த வரியை அப்பா எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். இனி விஷயம்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல். அடிவாரத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மெஷின் பராமரிப்பு. ஒரு மோட்டாரில் சத்தம் வந்தால் எங்கே தேய்கிறது என்று பார்ப்பேன், தேய்ந்ததைக் கழற்றுவேன், புதுசு போடுவேன், அடுத்த மோட்டாருக்குப் போவேன். உங்கள் ஆகஸ்ட் 28 இதழில் ‘பேர் வந்த பாதை’ பகுதியிலும் அப்படித்தான் பார்த்தேன். தேய்ந்திருப்பது ஒரே இடம்: நான்காவது பத்தி, கடைசி இரண்டு வாக்கியம். அதைக் கழற்ற வேண்டும். வருகிற 11-ஆம் தேதி வியாழக்கிழமை இதழிலேயே கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் 14-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என் கல்யாணப் பேச்சு நின்றுபோகும். இதைத் தொலைபேசியில் சொல்லத்தான் மூன்று முறை முயன்றேன். முதல் முறை பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாம் முறை கட்டுரையாளர் வெளியூர் என்றார்கள். மூன்றாம் முறை பேசிய அம்மணி, “கையால எழுதி அனுப்புங்க தம்பி, அதைத்தான் ஆசிரியர் படிப்பாரு” என்றார். அதனால் கையால் எழுதுகிறேன். என் கையெழுத்து மோசம். பொறுத்துப் படியுங்கள், என் கல்யாணம் இது.

அந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய கேள்வியை அனுப்பியவன் நான்தான். அதை மறைக்கவில்லை. “எனக்கும் நான் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணுக்கும் ஒலசரேத்தா என்று ஒரே குடும்பப் பெயர் இருக்கிறது, இது எந்த நாட்டுப் பெயர், உலகத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது?” என்று ஜூன் மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் ‘நான் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணுக்கும்’ என்பதை வெட்டிவிட்டு ‘எனக்கும் இன்னொருவருக்கும்’ என்று போட்டீர்கள். இடம் போதவில்லை போலிருக்கிறது. கீழே கூந்தல் தைலம் விளம்பரத்துக்குக் கால் பக்கம் இடம் இருந்தது. பதில் முதல் மூன்று பத்தியும் நன்றாகத்தான் இருந்தது. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே மலைப்பகுதியில் வாழும் பாஸ்க் மக்களின் அபூர்வமான பெயர், ஸ்பெயினில் 268, அர்ஜென்டினாவில் 97, பிரான்சில் 31, உருகுவேயில் 14, இந்தியாவில் 2, ஆக மொத்தம் 412. இந்தியாவில் 2 என்பது எங்கிருந்து வந்தது? என் கேள்வியிலிருந்து வந்தது! நான் சொன்னதையே எனக்குப் புள்ளிவிவரமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். அதுகூடப் போகட்டும். நான்காவது பத்தியின் கடைசியில் உங்கள் கட்டுரையாளர் ருசிக்கு ஒரு சிட்டிகை சேர்த்தாரே, அதுதான் என் வாயில் மண்ணைப் போட்டது. “இப்பெயருடைய 412 பேரும் ஒரே மூதாதையின் இரத்த வாரிசுகள். நம்மூர் வழக்கில் சொன்னால், இவர்கள் அனைவரும் பங்காளிகள்.” பங்காளி வீட்டில் பெண் எடுப்பது இந்த மலையில் தங்கச்சியைக் கட்டுவதற்குச் சமம் என்பது உங்கள் கட்டுரையாளருக்குத் தெரியுமா? தெரிந்துதான் எழுதினாரா?

இந்தப் பெயர் எங்களுக்கு எப்படி வந்தது என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். 1960-இல் இங்கே ஒரு எஸ்டேட்காரர் ஓடைத் தண்ணீரில் ஓடும் மரமறுக்கும் மில் வைக்க ஆசைப்பட்டு, வெளிநாட்டிலிருந்து மெஷினையும் அதோடு ஒரு மெக்கானிக்கையும் வரவழைத்தார். அவர் பெயர் பெனீத்தோ ஒலசரேத்தா. மூன்று வருடம் இருந்தார். கல்லிலே ஒரு வீடு கட்டினார். அவர் ஊர் வழக்கப்படி வாசலுக்கு மேலே கிடக்கும் கல்லில் தன் பெயரையும் 1961 என்றும் செதுக்கினார். கோடையில் ஓடை வற்றியது, மில் நின்றது, மனிதர் போய்விட்டார். கல்லும் பெயரும் நின்றுவிட்டன. ஊர் அதை ‘ஒலசரேத்தா ஊடு’ என்றது. அவருக்குச் சமைத்துப்போட்ட என் தாத்தா அதே வீட்டில் குடியேறினார். என் அப்பா அருணாசலம் அங்கிருந்துதான் பள்ளிக்கூடம் போனார். எங்கள் மலையில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம், அதனால் ஒரு வகுப்பில் ஐந்து சின்னுசாமி இருப்பார்கள், அதில் மூன்று பேருக்கு இனிஷியலும் ஒன்றாக இருக்கும். அப்போதிருந்த தலைமை ஆசிரியர் வருகைப் பதிவேடு கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் குடியிருக்கும் வீட்டின் பெயரைப் பின்னால் எழுதினார். பாறையடி வீட்டிலிருந்து வந்தவன் சின்னுசாமி பாறையடி. கல் வீட்டிலிருந்து வந்தவன் அருணாசலம் ஒலசரேத்தா. அவருக்குப் பின் வந்தவர்களும் அதையே செய்தார்கள். பதிவேட்டிலிருந்து மாற்றுச் சான்றிதழ், அதிலிருந்து மதிப்பெண் பட்டியல், அதிலிருந்து ஆதார், அப்புறம் யாரால் அழிக்க முடியும்?

1990-இல் எங்கள் குடும்பம் பெரக்கரைக்கு வந்துவிட்டது. இங்கே பள்ளியில் சேர்த்தபோது அப்பாவின் சான்றிதழைப் பார்த்து எனக்கும் அதே பெயரை எழுதிவிட்டார்கள். 1991-இல் திருப்புலி நாட்டு (எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது) ராசப்பன் மாமா அந்த வீட்டில் குடியேறினார், 2014 வரை இருந்தார். அவர் மகள் இளமதி அங்கிருந்து பள்ளிக்கூடம் போனாள். இளமதி ஒலசரேத்தா ஆனாள். மாமா வெறும் ராசப்பன்தான், ஏனென்றால் அவர் படித்தது வேறு வீட்டிலிருந்து. கவனியுங்கள்: தகப்பனுக்கு இல்லாத பெயர் மகளுக்கு இருக்கிறது. இதில் இரத்தம் எங்கே வந்தது? எங்கள் குலம் வேறு, அவர்கள் குலம் வேறு, முறைப்படி நாங்கள் மாமன் மச்சான். நானும் இளமதியும் சந்தித்ததே ராசிபுரத்தில் ஒரு வேலைவாய்ப்பு முகாமில். பட்டியலில் இரண்டு ஒலசரேத்தாவைப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர் அண்ணன் தங்கை என்று பக்கத்துப் பக்கத்து நாற்காலி கொடுத்தார். அவள் என்னைப் பார்த்து, “ஏனுங்க, நீங்களும் கல்லூடுங்களா?” என்றாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வேலை அவளுக்குக் கிடைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீசியன்.

இனி ஆகஸ்ட் 31. திருப்புலி நாட்டில் ராசப்பன் மாமா வீட்டுக்குப் பாக்கு வெற்றிலை மாற்றப் பதினோரு பேர் போனோம். நாற்பது நிமிட வேலை என்று கணக்குப் போட்டிருந்தேன். தட்டை நடுவில் வைத்தாயிற்று. ஊர்க்கவுண்டர் தொண்டையைச் செருமியாயிற்று. அப்போது இளமதியின் தாய்மாமன் தனபால், சுவர் முழுக்க மாட்டியிருந்த படங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைக்குள்ளிருந்து உங்கள் இதழை எடுத்தார். அதை ஏழாக மடித்து வைத்திருந்தார். கண்ணாடியைத் துடைத்தார். போட்டார். கழற்றினார். மறுபடி துடைத்தார். எனக்கு அப்போதே கை பரபரத்தது.

“ஏனுங்க அருணாசலம், உங்க பேரு முழுசா என்னங்க?”

“உங்களுக்குத் தெரியாதுங்களா? அருணாசலம் ஒலசரேத்தா” என்றார் அப்பா.

“எங்க புள்ள பேரு?”

“இளமதி ஒலசரேத்தா. அதுக்கென்னங்க? ரெண்டும் அந்தக் கல்லூட்டுல குடியிருந்ததால வந்தது.”

“ஊட்டுல இருந்து வந்துச்சா, ரத்தத்துல இருந்து வந்துச்சான்னு நீங்களும் நானும் சொன்னா ஆச்சுங்களா? பொஸ்தகத்துல போட்டிருக்குது. கேளுங்க.”

படித்தார். நான்காவது பத்தியை மட்டும் படித்தார், செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்தி நிறுத்தி, ‘பங்காளிகள்’ என்ற இடத்தில் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“பங்காளியா?” என்று என் அம்மா பாவாயி எழுந்துவிட்டார். “அப்ப என் பையனுக்கு அந்தப் புள்ள தங்கச்சியா?”

“நாஞ் சொல்லலீங்க. அச்சு சொல்லுது.”

பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், “அந்த ஸ்பெயின்காரன் மூணு வருசம் இங்கதான இருந்தான், என்ன நடந்துச்சோ” என்று வாயை விட்டார். அவ்வளவுதான். என் அம்மாவுக்கும் செத்துப்போன என் அப்பத்தாவுக்கும் இருபது வருடம் பேச்சுவார்த்தை கிடையாது என்பது மலைக்கே தெரியும். ஆனால் அம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, “எவன் அது? எந்திரிச்சு மூஞ்சியக் காட்டு! என் மாமியா எனக்கு ஒரு நாளும் ஒரு வாய் காப்பி வெச்சுக் குடுத்தவ இல்ல, ஆனா அவ மேல ஒரு சொல்லு வந்துச்சு, இந்த ஊட்டுல ஒருத்தனுக்கும் நாக்கு இருக்காது” என்றார். வாயை விட்டவர் எழவில்லை. இன்றுவரை யாரென்று தெரியவில்லை.

சமையலறைக் கதவருகிலிருந்து இளமதி குரல் கொடுத்தாள். “மாமா, நான் நாள் முழுக்க ரத்தம் பாக்குறவ. எனக்கு பி பாசிடிவ். அவருக்கு ஓ. இதுல எங்க பங்காளி வந்தது?”

“ஏங் கண்ணு, கூடப் பொறந்த அண்ணன் தங்கச்சிக்கு வேற வேற குரூப்பு இருக்காதா?”

இருக்கலாம் என்று நான் சொல்லித் தொலைத்தேன். உண்மை அதுதான், நான் என்ன செய்ய? அம்மா என் தொடையில் கிள்ளியது இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. தனபால் அந்த இடைவெளியில் அடுத்ததைப் போட்டார். “என்ற பையன் சந்தோஷ்குமாரு திருப்பூர்ல நல்ல வேலையில இருக்கான். எட்டாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் மூணு வருசம் அக்கா ஊட்டுச் சோத்தத் தின்னு வளந்தவன். உரிமைப் பையன். அவனை ஒரு வார்த்தை கேக்காம தட்டு மாத்துறீங்க, கேட்டா பங்காளி ஊட்டுல மாத்துறீங்க!” அவருடைய அக்கா, அதாவது இளமதியின் அம்மா சின்னாயி, “ஏன்டா தம்பி, போன வாரம் வரைக்கும் நல்ல சம்பந்தம்னியே” என்றார். “போன வாரம் பொஸ்தகம் வரலியேக்கா” என்றார் தனபால்.

நான் எழுந்து ஊர்க்கவுண்டரிடம் போனேன். அவர் பெயர் சின்னுசாமி பாறையடி, என் அப்பாவின் வகுப்பில் இருந்த ஐந்து சின்னுசாமிகளில் ஒருவர். “ஏனுங்க, உங்க சம்சாரம் சான்றிதழ்லயும் பாறையடின்னுதான இருக்குது? அவங்க குடும்பம் உங்களுக்கு முன்னால அந்த ஊட்டுல இருந்துச்சு. நீங்க கட்டிக்கலையா? நீங்க என்ன பங்காளியையா கட்டுனீங்க?” என்று கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை என்று அப்பா பிறகு சொன்னார். ஊர்க்கவுண்டர் கோபப்படவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: “பாறையடியப் பத்தி எந்தப் பொஸ்தகத்துல கண்ணு போட்டிருக்குது? குலம் வேற வேறன்னு எங்களுக்குத் தெரியும். ஆனா அச்சுல பங்காளின்னு வந்திருச்சு. நாளைக்கு ஒருத்தன் அதத் தூக்கிட்டு வந்து என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டுனா நான் என்ன சொல்லுவேன்? அதே பொஸ்தகம் இல்லைன்னு சொல்லட்டும், அன்னைக்கே தட்டு மாத்திக்கலாம். பதினாலாந் தேதி மறுபடி உக்காருவோம். பதினேழாந் தேதி புரட்டாசி பொறந்துரும், அப்புறம் பேச்சே இல்ல.” புரட்டாசி முடிந்தால் ஐப்பசி, ஐப்பசியில் தீபாவளி, தீபாவளிக்குத் திருப்பூரிலிருந்து சந்தோஷ்குமார் வருவான். தனபாலின் கணக்கு எனக்குப் புரிகிறது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன். ஆனால் நான் என் இடத்தில் இருக்கிறேன்.

ஆகவே வேலையில் இறங்கினேன். முதல் வேலை, எண்ணுவது. உங்கள் 2 தப்பு என்று காட்டினால்தான் உங்கள் பங்காளியும் தப்பு என்று யாராவது நம்புவார்கள். ஆலையில் நான்கு நாள் விடுப்பு சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு மலை முழுக்கச் சுற்றினேன். ஒரு விதி வைத்துக்கொண்டேன்: வாயால் சொன்னால் போதாது, காகிதத்தில் ஒலசரேத்தா என்று இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பெரியப்பா அத்தை பிள்ளைகள் எல்லாம் சேர்த்து 14. இளமதியும் அவள் தம்பியும் 2. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே எட்டே மாதம் அந்த வீட்டில் இருந்த மாதம்மாள் அக்கா குடும்பத்தில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக 7. இதைச் சேகரிப்பதற்குள் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். மாதம்மாள் அக்கா என்னைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி என்று நினைத்து, ஆடு பதினெட்டையும் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் ஓட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தார். “ஆடெல்லாம் இல்லீங்க சாமி” என்று அவர் சொல்லும்போது ஒரு கிடா அவர் பின்னாலேயே வந்து நின்றது. அவர் மருமகன் ஸ்பெயின் என்ற சொல்லைக் கேட்டதும், அந்த நாட்டுக்குப் போக விசா கிடைக்குமானால் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் காகிதத்தில் அந்தப் பெயர் இல்லையே என்றேன். “நாளைக்கு எழுதிட்டு வாரேன்” என்றார். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோயிருந்த என் பெரியப்பாவைத் தேடி எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கினால், அவர் வேறு வழியில் ஏறிவிட்டிருந்தார். மறுபடி எழுபது. ஐம்பத்தி மூன்றாவது வளைவில் செயின் அறுந்தது. மெக்கானிக்கல் டிப்ளமோ வைத்திருப்பவன் பைக்கைத் தள்ளிக்கொண்டு ஏறுவதை மூன்று பேருந்துக்காரர்கள் பார்த்தார்கள். மூன்றாவது பேருந்திலிருந்து தனபால் பார்த்தார். கையை வேறு ஆட்டினார்.

ஆனால் கணக்கு பிடிபட்டது. ஸ்பெயினில் ஏறக்குறைய நாலே முக்கால் கோடிப் பேருக்கு 268 என்றால், ஒன்றே முக்கால் லட்சம் பேரில் ஒருவர் ஒலசரேத்தா. எங்கள் மலையில் சுமார் நாற்பதாயிரம் பேருக்கு 23 என்றால், ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர். அதாவது இந்தப் பெயர் பிறந்த நாட்டைவிட எங்கள் மலையில் நூறு மடங்கு அடர்த்தி. இதைப் போட்டிருந்தால் உங்கள் இதழுக்குப் பெருமை. நீங்கள் பங்காளி போட்டீர்கள்.

இரண்டாவது வேலை, பெயர் பிறந்த இடத்திலேயே கேட்பது. இணையத்தில் தேடி பதினோரு ஒலசரேத்தாக்களுக்குச் செய்தி அனுப்பினேன். ஏழு பேர் பதில் போடவில்லை. இரண்டு பேர் என்னைத் தடை செய்துவிட்டார்கள். ஒருவர் நான் சொத்தில் பங்கு கேட்டு வருகிறேன் என்று நினைத்து அவருடைய வக்கீலின் முகவரியைக் கொடுத்தார். பதினோராவது ஆள் மிரென் என்று ஓர் அம்மா, பாஸ்க் மலையில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். நான் அனுப்பிய வாசற்கல் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, தமிழைக் கொஞ்சம் ரிப்பேர் செய்து கீழே தருகிறேன்:

“தம்பி, ஒலசரேத்தா என்றால் பழைய இரும்புப் பட்டறை இருக்கும் இடம். அது ஒரு வீட்டின் பெயர். எங்கள் பக்கம் பழைய காலத்தில் வீட்டுக்குத்தான் பெயர் உண்டு, ஆள் அதை வாங்கிக்கொள்வான். குத்தகைக்கு வந்தவனும் ஒலசரேத்தா, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவனும் ஒலசரேத்தா. வீட்டைக் காலி செய்து போனவன் போன வீட்டின் பெயரை எடுத்துக்கொண்டான். பிறகு பதிவேடு வந்தது. எழுதுகிற அன்றைக்கு யார் எந்த வீட்டில் இருந்தார்களோ, அந்தப் பெயர் அவர்களுக்கு நின்றுவிட்டது. எங்கள் ஊரிலேயே ஒட்டும் உறவும் இல்லாத மூன்று ஒலசரேத்தா குடும்பம் இருக்கிறது. எங்கள் வழக்கப்படி அப்பா பெயரையும் அம்மா பெயரையும் சேர்த்து வைப்போம். என் முழுப் பெயர் மிரென் ஒலசரேத்தா ஒலசரேத்தா. கல்யாணத்துக்கு வாழ்த்து.”

இரண்டு தடவை, ஆசிரியர் அவர்களே. அவர் அப்பாவும் ஒலசரேத்தா, அம்மாவும் ஒலசரேத்தா, கட்டிக்கொண்டார்கள், பெண் பிறந்து ரொட்டிக்கடை வைத்திருக்கிறது. அந்த மலையில் பதிவேட்டுக்காரர் செய்ததும் இந்த மலையில் தலைமை ஆசிரியர் செய்ததும் ஒரே வேலை. இதை அப்படியே ஊர்க்கவுண்டரிடம் போனில் காட்டினேன். அவர் போனைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, திருப்பிக் கொடுத்தார். “நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இது போனு. அது அச்சு.”

ஆகவே எனக்கு வேண்டியது அச்சு. இரண்டே இரண்டு வாக்கியம். உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே எழுதிவிட்டேன்: “ஒலசரேத்தா என்பது வீட்டுப் பெயர். அந்தப் பெயர் உள்ளவர்கள் இரத்த உறவினரோ பங்காளிகளோ ஆக வேண்டியதில்லை, அவர்களுக்குள் திருமணத்துக்குத் தடையில்லை, இந்தியாவில் எண்ணிக்கை 2 அல்ல, 23.” இதை 11-ஆம் தேதி இதழில், எந்தப் பக்கத்திலும், எந்த அளவு எழுத்திலும் போடுங்கள். கூந்தல் தைலத்துக்குக் கீழே போட்டாலும் சரி. ‘வருந்துகிறோம்’ என்றெல்லாம் எழுத வேண்டாம், எனக்கு வருத்தம் தேவையில்லை. போடாவிட்டால் 12-ஆம் தேதி காலை உங்கள் அலுவலக வாசலில் நிற்பேன். மிரட்டல் இல்லை, தகவல். பாவாயி அம்மாவையும் கூட்டி வருவேன். இதை வேண்டுமானால் மிரட்டலாக எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை நான் பேசியது மெஷின்காரன் பேச்சு. ஒன்றே ஒன்று வேறு மாதிரி சொல்கிறேன். நேற்று சாயங்காலம் சுகாதார நிலையத்து வாசலில் இளமதியைப் பார்த்தேன். சோதனைக் குழாய்களைக் கழுவிவிட்டு வந்திருந்தாள், கை சிவந்திருந்தது. “ஒருவேளை அவங்க போடலைன்னா?” என்றாள். போடுவாங்க என்றேன். “போடலைன்னா?” என்றாள் மறுபடி. நேரே கடைக்குப் போய்த் தாளும் பேனாவும் வாங்கினேன். அதனால்தான் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

தங்கள் இதழ் செழிக்கட்டும். தங்கள் கட்டுரையாளருக்கு நல்ல உடல்நலமும் குறைந்த கற்பனையும் வாய்க்கட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு அன்பு. அப்பா தன் நமஸ்காரத்தையும் தெரிவிக்கச் சொன்னார். அம்மா எதையும் தெரிவிக்கச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
யுவராஜ் ஒலசரேத்தா
காலை 8 மணி 20 நிமிடம்

பின்குறிப்பு, 8 மணி 55 நிமிடம்: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். எண்ணிக்கை 23 அல்ல, 24.

உறையை ஒட்டப் போகும்போது இளமதி போன் செய்தாள். “நாலு நாளு பைக்குல சுத்தி எண்ணுனீங்களே, எங்க ஊட்டுச் செவுத்த எண்ணுனீங்களா?” என்றாள். எதற்கு என்றேன். “தனபால் மாமா தலைக்கு மேல என்ன மாட்டியிருந்துச்சு?” என்றாள். நான் பார்க்கவில்லை. நான் அவருடைய கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படம் எடுத்து அனுப்பினாள். மாவட்ட அளவிலான வாலிபால் போட்டி, இரண்டாம் இடம், சான்றிதழ். பெயர்: சந்தோஷ்குமார் ஒலசரேத்தா. எட்டாவதிலிருந்து பத்தாவது வரை அத்தை வீட்டுச் சோற்றைத் தின்றவன் எந்த வீட்டில் தின்றான்? கல் வீட்டில்! எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான்? அதே பள்ளிக்கூடத்தில்! என் விதிப்படி காகிதத்தில் இருக்கிறது, ஆகவே அவனும் கணக்கில் உண்டு. அவன் திருப்பூரில் இருப்பதால் நான் தேடவே இல்லை. இளமதி அவனுக்கும் பேசியிருக்கிறாள். அவன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் ஆதாரையும் தானாகவே படம் எடுத்து அனுப்பி, “இளமதி, என்னையும் பங்காளியாச் சேத்துக்க, உனக்குப் புண்ணியமாப் போகும், இங்க எனக்கு வேற எடத்துல பேச்சு ஓடுது, அப்பாகிட்டச் சொல்ல தைரியம் இல்ல” என்றானாம்.

எனவே ஆசிரியர் அவர்களே, நீங்கள் எழுதியது மிக நல்ல கட்டுரை. நான்காவது பத்தி முக்கியமாக நன்றாக இருக்கிறது. தயவுசெய்து 11-ஆம் தேதி எந்தத் திருத்தமும் போட்டுவிடாதீர்கள். போட்டால் தனபால் பையனுக்கும் தடை விலகிவிடும், அவர் உரிமைப் பேச்சை மறுபடி எடுப்பார். 14-ஆம் தேதி வரை 412 பேரும், எங்கள் 24 பேரும், பங்காளிகளாகவே இருக்கட்டும். 18-ஆம் தேதி இதழில் உண்மையைத் தாராளமாகப் போடுங்கள். எட்டுப் பக்கத்தையும் மறுபடி எழுத எனக்குப் பொறுமை இல்லை, அப்படியே அனுப்புகிறேன். நான் இனி செய்யப்போவது:

1. செம்மேட்டில் இதைத் தபாலில் சேர்த்துவிட்டு, கடையில் மீதியிருக்கும் ஆகஸ்ட் 28 இதழ்கள் நான்கையும் வாங்குவேன்.

2. 14-ஆம் தேதிக் கூட்டத்தை அதே வீட்டில், அதே அறையில் வைக்கும்படி ராசப்பன் மாமாவைக் கேட்பேன். சுவரில் எதையும் கழற்ற வேண்டாம் என்று சின்னாயி அத்தையிடம் சொல்வேன்.

3. தனபாலுக்கு அதே நாற்காலியை அதே இடத்தில் நானே போடுவேன். கண்ணாடி துடைக்கத் துணியும் கொடுப்பேன்.

4. நான்காவது பத்தியை அவரையே சத்தமாகப் படிக்கச் சொல்வேன். முடித்ததும் அவர் தலைக்கு மேலே பார்க்கச் சொல்லி ஒரே கேள்வி கேட்பேன்: “அச்சு சரிங்களா, தப்புங்களா?” சரி என்றால் அவர் பையனும் பங்காளி, அவனும் இளமதியைக் கேட்க முடியாது. தப்பு என்றால் ஊர்க்கவுண்டர் மூஞ்சிக்கு நேராக இதழை நீட்ட ஆள் இல்லை, தட்டை மாற்றலாம். எந்தப் பதிலானாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். அம்மா என் தொடைப் பக்கம் உட்கார்ந்திருப்பார்.

5. கல்யாணம் முடிந்ததும் அந்தக் கல் வீட்டுக்கே குடிபோவோம், காலியாகத்தான் கிடக்கிறது. கூரை ஒழுகுகிறது, தகரம் மாற்றுவேன். வாசற்கல்லைத் தொட மாட்டேன்.

6. எண்ணும் வேலையை இளமதியிடம் ஒப்படைத்துவிட்டேன். 24-ஐ 25 ஆக்குவது பற்றி அவளிடம் இன்னும் பேசவில்லை. அந்த ஒன்றில் மட்டும் அவசரப்பட மாட்டேன்.